கற்பூரம் ஏற்றாமல் நின்ற ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ‘வா’ என்றாலும் ஒரு வார்த்தை, ‘வேண்டாம்’ என்றாலும் ஒரு வார்த்தை. மெர்டேக்கா ஆகி நாடு சுதந்திரம் பெற்ற பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு மற்றவர்கள் மேலே போனதில் மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுக்கும் டிரெஸர் வேலை ஒன்று காலியாகியிருக்கிறது. மாற்றல் கேட்டால் உனக்குக் கிடைக்கும், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். “நீங்க வரச் சொன்னா வந்துடுறேம்பா” என்று எழுதிவிட்டு நீ நிம்மதியாகக் கிளினிக்குக்குப் போயிருப்பாய். நான்தான் இங்கே மலாக்காவில், காஜா பெராங்கில், காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அலுவலகத்தில் இருந்த காலம் முழுதும் எந்தக் கோப்பிலும் நான் முடிவு எழுதியதில்லை. முடிவு எழுத மேலதிகாரி இருந்தார். இரு பக்க நியாயங்களையும் வரிசையாக எடுத்து வைப்பதோடு என்னைப் போன்ற கிராணியின், குமாஸ்தாவின், வேலை முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இந்தக் கடிதமும் நீளப்போகிறது. பொறுத்துக்கொள்.

இன்னொன்று. இதை உறையில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறேன். ஆனால் உன் சுங்கை மாச்சாங்கில் ஒட்டிய உறைக்கு என்ன மரியாதை என்று வந்தபோதே பார்த்துவிட்டேன். ரயில் நிற்கும், தபால் பை இறங்கும், ஸ்டேஷன் பெஞ்சிலேயே நீ உறையைப் பிரிப்பாய். “என்னாவாம் அப்பாவுக்கு?” என்று தண்டவாள மண்டோர் கேட்பார். எதிரே தன் கடை வாசலில் சீன முதலாளி ஆ செங் தவுக்கே வேறு வேலை செய்வதுபோலக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே இது அங்கே உள்ள எல்லோருக்கும் சேர்த்து எழுதியதென்றே வைத்துக்கொள். மண்டோரைப் பற்றி வரும் இடங்களில் குரலைத் தாழ்த்தாதே. அவரும் கேட்கட்டும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: உன் ஊரின் மேல் எனக்குப் பொறாமை. இந்த வயதில் ஓர் ஊரைப் பார்த்துப் பொறாமைப்படுவதா என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எனக்குப் புதிதாக வந்த குணம் இல்லை, உன் அம்மாவுக்குத் தெரியும். நீ நடக்கப் பழகிய புதிதில் உன்னை உஜோங் பாசிர் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அப்படி ஒரு சிரிப்பை நீ வீட்டில் சிரித்து நான் கேட்டதில்லை. கரையில் இறக்கிவிட வந்தபோது அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாய். நான் கையை நீட்டினேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வீடு வரும்வரை நான் இரண்டடி முன்னாலேயே நடந்தேன். “ஒரு மீன்காரர்கூடப் போட்டியா? வாங்க, மோர் தர்றேன், வயித்தெரிச்சல் அடங்கும்” என்றாள் உன் அம்மா. அவள் போன பிறகு என்னைக் கேலி செய்ய ஆள் இல்லை. கேலி செய்ய ஆள் இல்லாமல் போனதும் இந்தக் குணம் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது.

நீ அங்கே போன புதிதில் எழுதிய கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. தண்ணீர் கலங்கல், கொசுத் தொல்லை, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை முழுதாக ஓயாததால் இருட்டினால் வெளியே போக முடியவில்லை, பேச ஆள் இல்லை. ஒரு தகப்பன் இதையெல்லாம் படித்து வருந்த வேண்டும். வருந்தினேன். ஆனால் வருத்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு திருப்தியும் உட்கார்ந்திருந்தது: இவனுக்கு அங்கே யாரும் இல்லை, நான் மட்டும்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடிதங்களுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். தண்டவாள வேலைக்காரர்களுக்குத் தலைவர் காத்தமுத்து மண்டோர் வந்தார். அவர் மனைவி அஞ்சலை வந்து உனக்குச் சோறு போட்டார். காத்தமுத்து மண்டோர் சில மாதங்களில் வெறும் மண்டோர் ஆனார். அப்புறம் ஒரு கடிதத்தில், “கூரை ஒழுகியது, மண்டோரப்பா ஏறிச் சரிசெய்து கொடுத்தார்” என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. நான் வெறும் அப்பா. அவருக்கு அப்பாவோடு ஒரு பதவியும் சேர்ந்திருந்தது.

அன்றைக்கு வேலிக்கு அப்பாலிருந்து செட்டி மாமா வழக்கம்போல, “அனாக் லு பாலேக் தாக்?” என்று கேட்டார். உன் பையன் திரும்பி வருகிறானா இல்லையா என்று அவர் கேட்காத நாள் இல்லை. தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டி அவர்; மாமா, மாமி, பூஜை, பொங்கல் இந்த நான்கைத் தாண்டினால் அவருக்குத் தமிழ் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு மலாய் தட்டில்லை, அதனால் எங்கள் பேச்சு ஓடுகிறது. அவருடைய மகன்கள் மூவரும் அதே சந்தில் குடியிருக்கிறார்கள். எனக்கு அதன் மேலும் ஒரு கண். “உங்களுக்கென்ன, எல்லாரும் கூப்பிடு தூரத்தில்” என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “கூப்பிடு தூரந்தான். கூப்பிட்டா ஒருத்தனும் வர்றதில்ல. ஒருத்தன ரயில்ல ஏத்தி விடட்டுமா? உன் மகனுக்குத் துணையா இருக்கட்டும், எனக்கும் அரிசி மிச்சம்” என்றார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதும்போது பாதிச் சிரிப்பு போய்விடுகிறது.

நான் கிளம்பி வந்தது உன்னைப் பார்க்க என்றுதான் நீ நினைத்திருப்பாய். மண்டோரைப் பார்க்கத்தான் வந்தேன். மலாக்காவிலிருந்து தம்பினுக்கு முன்பு ரயில் இருந்தது. சின்ன வயதில் உன்னை அதில் கூட்டிப்போயிருக்கிறேன். யுத்தத்தில் ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனான், போனது போனதுதான். உன் பக்கத்துத் தண்டவாளத்தையும் அப்படித்தான் பெயர்த்தான், ஆனால் உங்களுக்கு மட்டும் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போட்ட ஆட்களில் மண்டோரும் ஒருவர் என்று நீ பெருமையாக எழுதியிருந்தாய். வீட்டுக்கு வீடு சுவர் இடிக்கும் என் ஊருக்கு ரயில் இல்லை. தேடினாலும் ஆள் அகப்படாத உன் ஊருக்கு இருக்கிறது. பஸ்ஸில் தம்பின் வந்து டிக்கெட் கேட்டபோது அங்கிருந்தவர் ஊர்ப் பெயரைத் திரும்பக் கேட்டார். “அங்க யார் சார் எறங்குவா?” என்றார். “நான்தான்” என்றேன், பிடிபட்டவன்போல. கெமாஸ் தாண்டியதும் காடு நெருங்கி வந்தது. பஹாவில் சிலர் இறங்கினார்கள், மெந்தகாப்பில் பாதிப் பெட்டி காலியானது. அதற்கப்புறம் எதிர் இருக்கையில் ஒரு வாழைத்தாரும் நானும்தான்.

ஸ்டேஷனில் உனக்கு முன்னால் அவர்தான் ஓடி வந்தார். என் பெட்டியில் கை வைத்து, “வாங்க கிராணி ஐயா! புள்ளையப் பெத்தது நீங்க, சோறு போட்டுக் கெடுத்து வெச்சிருக்கறது நாங்க. திருப்பிக் கேட்டா தரமாட்டோம், இப்பவே சொல்லிப்புட்டேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், பெட்டியின் கைப்பிடியை மட்டும் விடவில்லை. அவரும் விடவில்லை. சின்னப் பெட்டி அது, நான்கு வேட்டியும் ஒரு போர்வையும்தான் உள்ளே. இரண்டு கிழவர்கள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உன் குடியிருப்புவரை நடந்தோம். அஞ்சலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்னால் வந்தது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

ஊர் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. ஸ்டேஷன், உன் கிளினிக், ஒரு வரிசைக் கடைகள், அவற்றில் பாதி சாத்தியவை. ஆற்றுக்கு அக்கரையில் மலாய்க்காரர்களின் கிராமம், கம்போங். தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே லயன் வீடுகள், அவற்றில் நம்மவர்கள் சில குடும்பங்கள். அரிசி பருப்புக்கு ஆ செங் கடை ஒன்றுதான். அந்தக் கடைக்காரரோடுதான் மண்டோருக்குப் பேச்சு இல்லை. ஆ செங்கின் கோழி அஞ்சலையின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டதில் தொடங்கிய தகராறு என்று நீ சொல்லியிருந்தாய். மறுநாள் மண்டோர் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே போனதும் தவுக்கே இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை. கல்லா மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்து, “கொஞ்சம் சீனி வேணும்னு யார்கிட்டயாச்சும் சொல்லு” என்றார்.

தவுக்கே சீனியை நிறுத்துக்கொண்டே அதே பூனையிடம், நல்ல தமிழில், “மண்ணெண்ண டின்னு திருப்பிக் குடுக்கல்ல. எப்ப வரும், கேளு லா” என்றார்.

“நாளைக்கு வரும்னு சொல்லு.”

“நேத்தும் நாளைக்குத்தான் சொன்னான். சரி, மழ வருது. கொட இருக்கா, கேளு.”

குடை இல்லை. பூனைக்கும் பதில் கிடைக்கவில்லை. தவுக்கே தன் குடையை எடுத்து வந்து பூனையின் பக்கத்தில் வைத்தார். மண்டோர் அதை எடுத்து விரித்து, நான் நனையாமல் என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில், “அந்த ஆளு மூஞ்சியில முழிக்கறதில்லன்னு வெச்சிருக்கேன், கிராணி ஐயா” என்றார், அந்த ஆளின் குடைக்குக் கீழே நடந்துகொண்டே.

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காஜா பெராங்கில் எனக்கு ஒரு கடைக்காரரைப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவேன். முடிவெட்டுகிறவர் கடுமையாகப் பேசினால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருக்கிறார். இப்படி நகர்ந்து நகர்ந்து யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அந்தக் குடையைப் பார்த்தபோதுதான் யோசித்தேன். எனக்குப் பகையாளி இல்லை, சரி. மழை வந்தால் குடையை எடுத்து நீட்டும் பகையாளியும் இல்லை. ஆள் குறைந்த ஊரில் கோபித்துக்கொண்டு போக இன்னோர் இடம் இல்லாததால் கோபத்தோடேயே சேர்ந்து வாழப் பழகியிருக்கிறீர்கள். இதுவும் எனக்குப் பொறாமையாக இருந்தது. சண்டை போடக்கூட உங்களுக்கு வசதி இருக்கிறது.

போன மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். உனக்கு எழுதவில்லை. செட்டி மாமா வீட்டிலிருந்து வேலிக்கு மேலே கஞ்சி வந்தது, அதனால் எழுந்தேன். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவன் நான். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு முடியும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவேன். அதுதான் என் கடிகாரம். அந்த முறை சில வாரங்கள் போகவில்லை. பிறகு போனபோது என் வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். திருநீறு கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எங்கே இத்தனை நாள் காணோம் என்று யாரும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, அத்தனை கூட்டத்தில் ஒரு கிழவனை யார் தேடுவார்கள்? நானும் யாரையும் தேடியதில்லை. பக்கத்தில் நின்றவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டத்தில் முன்னே போய் நிற்பது எனக்கு எப்போதும் வராது. நான் போவதற்குள் மணி அடித்துவிட்டால், நடுவில் நுழைந்து மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்யாமல், வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்தப் பழக்கத்தை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் வந்திருந்தபோது வந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் நீ கிளம்பும்போது, “சாயங்காலம் முனியாண்டி கோயில்ல பூசைப்பா. நா கிளினிக்குலேருந்து நேரா வந்துடுறேன், நீங்க குளிச்சிட்டு வந்துடுங்க. பக்கந்தான்” என்றாய். நான் குளித்து, சட்டையை மாற்றி, நேரத்தோடு புறப்பட்டேன். தண்டவாளத்தைத் தாண்டியதும் கோயில் தெரிந்தது. நான்கு கால், ஒரு தகரக் கூரை, சுவர் கிடையாது. உள்ளே நிற்கிறவர்கள் எல்லோரும் வெளியே நிற்கிறவனுக்குத் தெரிவார்கள். எல்லோரும் அதற்குள் வந்து நின்றிருந்தார்கள். மண்டோர் கையில் மணியோடு முன்னால் நின்றார். நீ அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாய். சட்டைக் கையில் மருந்துக் கறை. அவர் மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உன்னைத் திருப்பி நிறுத்தி, ஒரு கையால் உன் மோவாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெற்றியில் திருநீறு பூசினார். கண்ணில் விழாமல் இருக்க, மோவாயை விட்ட கையைப் புருவத்துக்கு மேல் குடை பிடித்தார்.

அப்படித்தான் நானும் உனக்குப் பூசுவேன். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதல்லவா, அதன் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பூஜை தொடங்கப்போகிறது, இனிமேல் நடுவில் நுழைவது மரியாதை இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் உன் மோவாய்தான்.

ஆனால் மணி அடிக்கவில்லை. மண்டோர் மணியைக் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் சும்மா நின்றார்கள். நீ முன்பு எழுதியிருந்த ஊர் வழக்கம் அப்போது நினைவுக்கு வந்தது. இருப்பதே சில பேர் என்பதால், கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கே கற்பூரம் ஏற்றுவதில்லை. சிக்னல் வேலை பார்ப்பவர் வரும்வரை நிற்பீர்கள், கைக்குழந்தைக்காரி வரும்வரை நிற்பீர்கள், வர முடியாதவர் சொல்லி அனுப்ப வேண்டும். நூறு பேர் கூடும் இடத்தில் ஒருவர் குறைந்தால் தெரியாது, இங்கே ஓர் ஆள் குறைந்தாலும் ஓட்டை தெரிகிறது என்று நீ எழுதியிருந்தாய். சரி, யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். யார் அது?

“இன்னும் காணுமே” என்றார் அஞ்சலை.

“வரட்டும். முனியாண்டிக்கு என்னா, கடைசி ரயிலயா புடிக்கணும்? நிப்பாரு” என்றார் மண்டோர்.

“பொங்கல் ஆறிப்போவுது.”

“ஆறுனா ஆறுனதத் தின்னுவாரு. போன வாரம் நீ பவுடரு பூசிக்கிட்டு வர்ற வரைக்கும் அவரு நிக்கலியா? எதாச்சும் கேட்டாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். தூறல் விழத் தொடங்கியது. கூரை சின்னது, ஓரத்தில் நின்றவர்கள் தோள் நனைந்தது, ஆனால் ஒருவரும் நகரவில்லை. மரத்தடியில் எனக்கு வயிறு எரிந்தது. யாரோ பெரிய மனிதர், ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கலாம், உனக்குப் பெண் கொடுக்க வரும் யாராவதாகக்கூட இருக்கலாம். இத்தனை பேரைத் தூறலில் நிறுத்தி வைக்க அந்த ஆள் அப்படி என்ன செய்துவிட்டான்? இத்தனை காலத்தில் எந்தக் கோயிலிலும் எந்தக் கல்யாணத்திலும் எனக்காக ஒரு விளக்கு காத்திருந்ததில்லை. மண்டோர் மேல் இருந்த பொறாமை முழுவதையும் எடுத்து, முகம் தெரியாத அந்த ஆளின் மேல் போட்டேன். வரட்டும், முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஈரப் பட்டையில் சட்டை கறைபட்டதுகூடத் தெரியவில்லை.

அப்போது மண்டோர் உன் பக்கம் திரும்பி, “தம்பி, கிராணி ஐயா வழி மாறிக் கம்போங் பக்கம் போயிட்டாரோ என்னவோ. டார்ச்சக் குடு, நா போயிப் பாத்துட்டு வர்றேன்” என்றார்.

நீ சொன்ன பதிலை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. “அவரு வழி மாற மாட்டாரு, மண்டோரப்பா. நேரத்துக்கு வந்திருப்பாரு. எங்கயாச்சும் ஓரமா நின்னுக்கிட்டு இருப்பாரு. கூப்புடாம உள்ள வரமாட்டாரு.” சொல்லிவிட்டு, மழை விழுந்துகொண்டிருந்த வெளிப்பக்கம் பார்த்து, “அப்பா!” என்று கூப்பிட்டாய்.

மண்டோர் உனக்கு மிகப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரல் தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் உன்னோடு சேர்ந்து நான் நின்ற பக்கம்தான் பார்த்தார்.

செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதனால் தாமதம் என்று சொல்லிக்கொண்டே நான் வந்தேன். என் செருப்பில் சேறு இல்லை என்பதை நீ பார்த்துவிட்டாய். “வாங்க கிராணி ஐயா, சாமியே ஒங்களுக்காகத்தான் நிக்குது” என்று மண்டோர் மணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதுவரை ஒரு கோயிலிலும் மணி அடித்ததில்லை. தப்பும் தவறுமாக அடித்தேன். அதற்குள் நீ கற்பூரத்தை ஏற்றினாய்.

அதோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். தீரவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு இப்போதும் குத்துகிறது. அந்தக் குத்தலில்தான் முதலில் “வா” என்று எழுதினேன், எழுதிக் கிழித்தேன். நான் வரச் சொன்னால் நீ வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் பல டிரெஸர்களில் ஒருவனாக இருப்பாய். வெள்ளிக்கிழமை என்னோடு வந்து தூணுக்குப் பக்கத்தில் நிற்பாய். அங்கே கிளினிக் சாத்திக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு யாரும் மாற்றல் கேட்டு வருவதில்லை என்பது அலுவலகத்தில் காலம் கழித்த எனக்குத் தெரியும். போன ஆளுக்குப் பதில் ஆள் வர எவ்வளவு காலமாகுமென்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் மண்டோர் மணியைக் கீழே வைத்துவிட்டு, வராத ஆளுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். அவருக்கு நான் அதைச் செய்யப்போவதில்லை. சாமியையே நிற்கவைத்து என்னைத் தேடிய மனிதர் அவர்.

ஆகவே என் முடிவு: மாற்றல் கேட்காதே. ஒரு கோப்பில் நான் எழுதும் முதல் முடிவு இது, அதனால் சில குறிப்புகள் இல்லாமல் என்னால் விட முடியாது. ஊருக்கு நீ ஒருவனே டிரெஸர் என்பதால் அங்கே உன்னை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் திருத்து. ஆள் இல்லாத இடத்தில் நம் உயரம் நமக்கே கூடுதலாகத் தெரியும். யாரோடாவது மனத்தாங்கல் வந்தால் கடையை மாற்றிக்கொள்ள உனக்கு வழி இல்லை, எனவே சீக்கிரம் ஒரு பூனையைத் தேடிக்கொள். கல்யாணப் பேச்சு வரும்போது, அந்த ஊரில் வந்து இருக்க மனம் இருக்கிறதா என்று பெண்ணிடமே கேள், அவள் அப்பாவிடம் கேட்காதே. வந்த பிறகு அவளோடு பேசு. உன் அம்மாவைச் சுற்றி இங்கே எத்தனை வீடுகள் இருந்தன, எத்தனை சத்தம் இருந்தது! அதற்கு நடுவிலேயே நான் அவளைப் பேச்சுத் துணையில்லாமல் விட்டுவிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்தும் அலுவலகக் காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஊரில் ஆள் குறைவதைக் காட்டிலும் வீட்டில் ஆள் குறைவது மோசம்.

இனி என் பங்கு. நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் இங்கே உட்கார்ந்து வயிறெரிவது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. நான் வருகிறேன். இப்போதைக்குத் தீபாவளிவரை என்று வைத்துக்கொள்வோம், பிறகு பார்க்கலாம். ஒரேயடியாக என்று எழுத இன்னும் கை வரவில்லை. வீட்டுச் சாவியைச் செட்டி மாமாவிடம் கொடுக்கப் பேசிவிட்டேன். “பாலேக் தாக்?” என்று இப்போது என்னையே கேட்கிறார். திரும்பி வருவாயா மாட்டாயா என்று. தெரியவில்லை என்றேன். “சரி, என் மூணு பேர்ல ஒருத்தன உன் வீட்டுல படுக்க வைக்கிறேன். அங்கேருந்தாவது கூப்பிட்டா வர்றானா பாப்போம்” என்றார். சொல்லிவிட்டு வேலியில் இல்லாத ஆணியைத் தேடுவதுபோல வெகுநேரம் நின்றார். நான் போனால் அந்த வேலியிலும் ஓர் ஆள் குறையும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு மட்டும் நீ தனியாக ஒரு கடிதம் எழுது, மலாயில்.

மண்டோரிடம் சொல்: இந்த முறை பெட்டியை அவரே தூக்கிக்கொள்ளட்டும், நான் கைப்பிடியை விட்டுவிடுகிறேன். உனக்குத் திருநீறு மட்டும் நான் பூசுவேன், அதில் பேச்சில்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேருவேன். கெமாஸில் வண்டி மாற வேண்டியிருப்பதால் தாமதமானாலும் ஆகலாம். மரத்தடியில் நிற்க மாட்டேன், ஸ்டேஷனிலிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிடுகிறேன். ஆனாலும் நான் கண்ணில் படும்வரை கற்பூரத்தை ஏற்றிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

உன்,
வெறும் அப்பா